சூதும் மருந்தும்

தருமர் தீயவரல்லர், அறக்கடவுளின் மைந்தர். ஆயினும் சூதாடு களத்தில் நாட்டையும் தம்பியரையும் தம்மையும் திரௌபதியையும் இழந்தார். திருதராட்டிரன் யாவற்றையும் திருப்பிக் கொடுத்தான். அத்துடன் முடிந்ததா? மறுபடி அழைப்பு வந்தபோது, கேடு வருமென அறிந்தும் மறுபடி சென்று அமர்ந்தார். பன்னிரண்டு ஆண்டு வனவாசமும் ஓராண்டு அஞ்ஞாதவாசமுமே மிஞ்சின. நல்லோரையும் விடாது பற்றுவது சூது.

திருவள்ளுவர் கள்ளுண்ணாமையை 93ஆம் அதிகாரமாகவும், சூதை 94ஆம் அதிகாரமாகவும் வைத்து, அடுத்ததாக மருந்தை வைத்தார். இன்றைய மருத்துவமும் சூதை மதுவின் பக்கத்திலேயே வைக்கின்றது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூல், சூதாட்ட நோயை மது முதலியவற்றுக்கு அடிமையாதலோடு சேர்த்தது. இழந்ததை மீட்க மீண்டும் ஆடுதல், பொய் கூறல், கடன்படல் ஆகியன இதன் குறிகள். மனச்சோர்வும் பதகளிப்பும் உறக்கமின்மையும் கூடவே வரும்; உயிரை மாய்க்கும் எண்ணமும் எழலாம். சிலருக்கோ மனத்துயர் முந்தி வருகின்றது. அதை மறக்கவே சூதை நாடுகின்றனர்.

ஆதலால் வீட்டில் ஒருவர் சீட்டிலோ, குதிரைப் பந்தயத்திலோ, கைத்தொலைபேசிச் சூதிலோ அகப்பட்டால் ஏச்சு மருந்தாகாது. ஊரறியாமல் கடனை அடைத்துவிடுவதும் மருந்தன்று. அன்போடு பேசி, பணப் பொறுப்பை வீட்டார் ஏற்று, அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லல் வேண்டும். 1926 என்னும் தேசிய மனநலத் தொலைபேசிச் சேவையும் உண்டு. நேர்த்தி வைப்போர் வைத்தியத்தையும் கைவிடலாகாது. வீழ்ந்தவரை இகழாது கைதூக்கி விடுதலும் சிவத்தொண்டே. எம்பெருமான் திருவருள் துணை நிற்பதாக.