ஏற்றம் கேட்பது இழுவை

றொசல்லையில் மாலைப் பனி இறங்கிவிட்டால் மோட்டார் சைக்கிளைக் காதால்தான் அறியலாம். தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து லயத்துக்கு வரும் பையன்களின் வண்டிகள் வட்டவளைப் பக்கம் ஏறும்போதே உறுமல் கேட்கும். சைலன்சர் மாற்றியாயிற்று. அடுத்த பேச்சு கேம், அதற்கடுத்தது டியூனர்.

வால்வு எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் தண்டுதான் கேம். நெடுநேரம் திறந்துவைக்கும் கேம், எஞ்சின் வேகமாகச் சுழலும்போது சிலிண்டரை நன்றாக நிரப்பும். மெதுவாகச் சுழலும்போதோ, உள்ளே வந்த கலவையில் கொஞ்சம் வந்த வழியே திரும்பிப் போகும், இழுவை விழும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அச்சாவது உச்சக் குதிரைச்சக்தி. அதை எட்டிப் பார்க்க, கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் வரும் ஏ7 வீதியில் இடம் கிடையாது. கிடைத்தாலும் அடுத்த வளைவில் பஸ் நிற்கும். பின்னால் ஓர் ஆள், இரண்டு பை, மழை, ஏற்றம்: தூரப் பயண வண்டிக்குக் கீழ்ச்சுற்றிலேயே இழுக்கும் அடக்கமான கேம்தான் பொருந்தும். அடக்கத்தைக் காசு கொடுத்து வாங்க யாருக்கு மனம் வரும்?

கேமை மட்டும் மாற்றினால் வேலை முடியாது. உள்ளே போகும் காற்று மாறினால் பெற்றோல் அளவும் மாற வேண்டும். புதிய வண்டியில் கணினியின் கணக்கைத் திருத்துவது டியூனர். பழைய காபரேட்டர் வண்டியில் அந்த அளவைத் தீர்மானிப்பது ஜெட் என்ற சிறு துளை. 1,200 மீற்றருக்கு மேலே இருக்கும் ஹட்டனில் காற்று, கடற்கரைக் காற்றைவிடப் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் மெலிது. கொழும்பில் சரிபார்த்த காபரேட்டர் இங்கே பெற்றோலை அதிகம் குடித்து, பிளக்கைக் கறுப்பாக்கும். பெற்றோல் தட்டுப்பாட்டில், 2022 ஜூலையில் இன்னொரு திருத்தமும் வந்தது: கியூஆர் அட்டை, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். பெற்றோல் செட் வரிசையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நின்றவர்களுக்கு எல்லாக் கேமும் ஒன்றுதான்.

ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை விட்டுவிடும் வித்தை தேயிலைத் தோட்டத்துக்குப் பழகியது. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறை ஏறியதாகவும், வேலை நாள் குறைந்ததாகவும் பல தோட்டங்களில் முறைப்பாடு எழுந்தது. 2024இல் 1,350 ஆயிற்று. ஒவ்வொரு முறையும் மேடையில் வெடி கொளுத்தினார்கள். நிலம், வீடு, வேலை நாள் என்ற கணக்கெல்லாம் பழைய ஜெட்டிலேயே ஓடுகிறது. சத்தம் கூடியிருக்கிறது, ஏற்றத்தில் வண்டி திணறுகிறது.

றொசல்ல ஸ்டேஷனைத் தாண்டும் ரயில் பாதை 1884இல் ஹட்டனை எட்டியது. இந்த மலைப்பாதையின் கடும் ஏற்றம் 44 அடிக்கு ஓர் அடி. சரிவை அளந்து, சுமையைக் கணக்கிட்டு, அதற்கேற்ற எஞ்சினை வெள்ளைக்காரன் கொண்டுவந்தான். தோட்டத்துச் சரக்கு பழுதில்லாமல் துறைமுகம் சேர வேண்டுமே. அந்தச் சரக்கைக் கூடையில் சுமந்தவர்கள் ஏறிய மலையும் அதே மலைதான். அவர்களுடைய ஏற்றத்தை மட்டும் எவரும் அளக்கவில்லை.