பூட்டு உடைந்தால்தான் திருட்டு

திண்டுக்கல்காரனுக்குப் பூட்டைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மாங்காய்ப் பூட்டு செய்கிற ஊர். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் உடைந்த பூட்டுக்கு இருக்கிற மரியாதை என்னவென்று காப்பீட்டுப் பாலிசியின் பொடி எழுத்தில்தான் படித்தேன். கடைகளுக்கு எடுக்கும் பர்க்ளரி பாலிசியில் பணம் வர வேண்டுமானால், வந்தவன் வலுக்கட்டாயமாக உள்ளே நுழைந்திருக்க வேண்டும், அல்லது அப்படி வெளியேறியிருக்க வேண்டும். பூட்டு உடைந்திருக்க வேண்டும். ஷட்டர் நெளிந்திருக்க வேண்டும். திறந்த கதவு வழியாகச் சாவகாசமாக நடந்து வந்து தூக்கிக்கொண்டு போனவன், தனியாக அதற்கென்று சேர்த்துக்கொள்ளாதவரை, பாலிசியின் பார்வையில் திருடனே இல்லை. யுனைடெட் இந்தியா நிறுவனத்தின் வழக்கொன்றில் 2004-ல் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது: பாலிசியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அர்த்தம், ஊரில் திருட்டு என்று எதைச் சொல்கிறார்கள் என்பது கணக்கில்லை.

கல்யாண மண்டபத்தில் எந்தக் கதவு பூட்டியிருக்கிறது? நான் கல்யாணப் போட்டோகிராபர். மணமேடைக்குப் பின்னால், அலங்காரத் திரைக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டடிச் சந்து ஒன்று எல்லா மண்டபத்திலும் இருக்கும். டெக்கரேஷன்காரர் விட்டுப்போன தெர்மகோல், நிலக்கோட்டையிலிருந்து மல்லிகை வந்த காலிக் கூடை, யாரோ கழற்றிப் போட்ட செருப்பு, இவற்றோடுதான் எங்கள் பைகளும் கிடக்கும். ஒரு பையில் ஒன்றரை லட்ச ரூபாய் லென்ஸ் இருக்கும். அதிகாலை நாலரை ஆறு முகூர்த்தத்தில் தாலி ஏறுகிற அந்த ஐந்து நிமிடம் எங்கள் கண் முழுக்க மேடையில். பின்னால் யார் வந்தார், யார் போனார் என்று பார்க்க ஆளில்லை. பட்டு வேட்டி கட்டியவரெல்லாம் மாப்பிள்ளை வீடோ பெண் வீடோதான் என்று எல்லோரும் நம்புகிற இடம் அது.

ஆகவே எங்களுக்குப் பொருந்துவது கடையைக் காக்கும் பாலிசி அல்ல, கூடவே அலையும் பொருளைக் காக்கும் பாலிசி. ஆல் ரிஸ்க் என்று சொல்வார்கள். பெயரைக் கேட்டு எல்லாம் அடக்கம் என்று மயங்கிவிடக் கூடாது. ஆளில்லாத காரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனது, எப்படிப் போனதென்றே தெரியாமல் காணாமல் போனது, நாள்பட்ட தேய்மானம் எல்லாம் பெரும்பாலும் விலக்குப் பட்டியலில் இருக்கும். வாடகைக்கு விட்டதும் அப்படித்தான். இந்த ஒன்று எங்கள் தொழிலின் உயிர்நாடி. முகூர்த்தம் இல்லாத நாளில் என் லென்ஸ் வத்தலக்குண்டில் ஒருவர் கையில் இருக்கும், அவருடைய பிளாஷ் வேடசந்தூரில் இருக்கும். அந்தச் சுற்றில் போகிற பொருளைப் படிவத்தில் எப்படி எழுதுவது என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். பில் இல்லாமல் கைமாறி வந்த செகண்ட் ஹேண்ட் பாடிக்கும் இதே கதிதான். சீரியல் நம்பர் மட்டும் போதாது என்பார்கள்.

இன்னொரு கணக்கு உண்டு. பிரீமியத்தைக் குறைக்க நினைத்து, இரண்டு லட்சம் பெறும் கேமராவை ஒரு லட்சத்துக்குக் காப்பீடு செய்தால், அறுபதாயிரம் ரூபாய் பழுதுக்கு முப்பதாயிரம்தான் வரும். பாதி மதிப்புக்குத்தானே காப்பீடு எடுத்தாய், பாதி நஷ்டம் உன்னுடையது என்பது அவர்கள் நியாயம். அந்த முப்பதாயிரத்திலும் ஒரு தொகையை முதலில் கழித்துக்கொள்வார்கள். காப்பீட்டுத் தொகையை இன்றைய கடை விலையில் போடுவதா, தேய்மானம் போக மிஞ்சும் விலையிலா என்று கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

ஊரில் ஏஜென்ட்டுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்கள் அன்றாடம் விற்பது வண்டிக் காப்பீடும் ஆயுள் காப்பீடும். எனக்குத் தெரிந்த ஏஜென்ட் அண்ணனிடம் விசாரித்தபோது, "ஒத்த கேமராவுக்கு இம்புட்டு யோசனையா தம்பி?" என்றார். பிறகு ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அவரே கேட்டார்: "சரி, உங்க தொழில்ல ரொம்பப் பெரிய நஷ்டம்னா எது?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது அத்தனை எளிதாக இல்லை. வாய் தானாகவே கேமரா என்று சொல்ல வந்தது. தவணை கட்டி வாங்கியது. அதன் ஒவ்வொரு கீறலும் எனக்கு மனப்பாடம். ஆனால் தவணையில் வாங்கியதைத் திரும்பத் தவணையில் வாங்கலாம். கேமரா போனவன் அடுத்த முகூர்த்தத்துக்கு வேறொருவர் கேமராவோடு நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். போனால் என்னால் ஈடுகட்டவே முடியாதது எது என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தால், பட்டியல் தலைகீழாகிறது. என் ஆசை எதில் இருக்கிறதோ அது கடைசிக்குப் போகிறது. முதலில் வருவது லைட் பிடிக்கிற பையன்.

அவன் வேலையைக் கொஞ்சம் அருகே போய்ப் பாருங்கள். ஹோமப் புகைக்கு மேலே வெளிச்சம் விழ வேண்டும் என்பதற்காகப் பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நிற்கிறான். கையில் அலுமினியக் கம்பம், அதன் உச்சியில் எல்.இ.டி. பேனல். கீழே ஜமுக்காளத்துக்கு அடியில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். பாத்தியம் ஊற்றிய தண்ணீர் மேடையில் ஓடி வயர் பக்கம்தான் வருகிறது. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கிற நொடியில் எல்லோரும் அய்யரைப் பார்க்கிறார்கள்; அவன் மட்டும் ஜமுக்காளத்தைப் பார்க்கிறான். சின்னாளபட்டியிலிருந்தோ தாடிக்கொம்பிலிருந்தோ வருகிற, பாலிடெக்னிக் படிக்கிற, அன்றன்று கூலி வாங்குகிற பையன். காப்பீட்டுப் படிவத்தில் பேட்டரி சார்ஜர் வரைக்கும் எழுத வரிசை உண்டு. அவனுக்கு அதில் வரிசை கிடையாது.

வேலை செய்யும்போது அடிபட்டால் வேலை கொடுத்தவன் பொறுப்பு என்கிற கொள்கை 1923-ம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே நம்மிடம் இருக்கிறது. அந்தப் பொறுப்பை ஏற்கும் பாலிசியும் விற்கிறார்கள். கட்டட வேலை மேஸ்திரிகள் சிலர் எடுக்கிறார்கள், போட்டோகிராபர் எடுத்து நான் கேள்விப்பட்டதில்லை. அதுகூட இருக்கட்டும். பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டம் 2015-லிருந்து இருக்கிறது. ஆண்டுக்கு இருபது ரூபாய். பதினெட்டு வயது முடிந்து வங்கிக் கணக்கு இருந்தால் போதும். விபத்தில் உயிர் போனாலோ முழு ஊனமானாலோ இரண்டு லட்சம், பகுதி ஊனத்துக்கு ஒரு லட்சம். மே மாதக் கடைசியில் கணக்கில் பணம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இருபது ரூபாய் இல்லாமல் அறுந்துபோகிற பாலிசிகள் இதில் உண்டு. என்னிடம் வருகிற பையன்களிடம் இதைச் சொன்னபோது ஒருவன் கேட்டான்: "நாமினி யாருண்ணே போடறது, அம்மா பேர்ல கணக்கே இல்லையே?" கணக்கு இல்லாவிட்டாலும் அம்மா பெயரை எழுதலாம் என்று சொல்லி எழுதவைத்தேன். இரண்டு லட்சம் பெரிய தொகை அல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் இப்போது அவனுக்கு இருப்பது சைபர்.

இரண்டாவது, என் வாயிலிருந்து ஒரு நாளைக்குப் பலமுறை வருகிற வாக்கியம்: "இன்னும் கொஞ்சம் பின்னால போங்க." அவுட்டோர் ஷூட் என்று ஆத்தூர் காமராசர் அணைக்குப் போகிறோம், சிறுமலைக்குப் போகிறோம். பதினெட்டு கொண்டை ஊசி வளைவில் எதில் பள்ளத்தாக்கு நன்றாகத் தெரியுமோ அங்கே வண்டியை நிறுத்துகிறோம். பெண் பத்து கிலோ லெஹங்காவோடு நிற்கிறாள். அவளுக்குத் தன் கால் எங்கே இருக்கிறது என்று தெரியாது. எனக்குத் தெரியும். சொல்வது நான், பின்னால் போவது அவர்கள். 2020 நவம்பரில் மைசூர் பக்கம் தலக்காட்டில், திருமணத்துக்கு முந்தைய போட்டோவுக்காகக் காவிரியில் இறங்கிய ஜோடி சிறு படகு கவிழ்ந்து மூழ்கி இறந்தது. அந்தச் செய்தியைத் தமிழ்நாட்டில் எத்தனை போட்டோகிராபர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டார்கள்! அடுத்த வாரம் எத்தனை பேர் தண்ணீரில் இறக்காமல் எடுத்தார்கள் என்று கேட்டால் பதில் வராது.

அமெரிக்காவில் பல மண்டபங்கள், பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழ் இல்லாத போட்டோகிராபரை உள்ளேயே விடுவதில்லை; பத்து லட்சம் டாலர் அளவுக்கு என்பது அங்கே சாதாரணம். லைட் ஸ்டாண்டு சாய்ந்து விருந்தாளி ஒருவர் தலையில் விழுந்தால் யார் தருவது என்பதை முன்கூட்டியே பேசிவிடுகிறார்கள். நம்மூர் மண்டபத்தில் மேனேஜர் கேட்பது கரண்ட் சார்ஜ், கிளீனிங் சார்ஜ், ஜெனரேட்டர் டீசல். விழுந்தால் அந்த நேரத்தில் பஞ்சாயத்து. இந்தியாவிலும் பொதுமக்கள் பொறுப்புப் பாலிசி இருக்கிறது, பெரிய நிறுவனங்கள் எடுக்கின்றன. எங்களைப் போன்ற சின்ன ஆளுக்கு அதைக் கவுன்ட்டரில் யாரும் எடுத்து நீட்ட மாட்டார்கள். வற்புறுத்திக் கேட்டால் மேலிடத்தில் விசாரித்துச் சொல்வார்கள். வற்புறுத்த வேண்டும் என்பதே என் கட்சி.

ஹெலிகேம் விஷயத்தில் மட்டும் சட்டமே முந்திக்கொண்டது. 2021-ம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்ட எந்த ட்ரோனுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், பைக்குக்கு இருப்பதுபோல. மாப்பிள்ளை அழைப்பில் ஊரே கீழே நடக்க, தலைக்கு மேல் நான்கு விசிறிகள் சுழல்கின்றன. அதற்குப் பதிவெண் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. பதிவெண் இல்லாததை எந்தக் கம்பெனி எழுதும்?

மூன்றாவதுதான் எடுத்த படம். எலக்ட்ரானிக் சாதனங்களுக்கான பாலிசியில் தகவல் அழிந்தால் ஈடுதரும் பிரிவு ஒன்று இருக்கிறது. படித்ததும் மகிழ்ந்தேன். எதற்கு ஈடு? அழிந்த தகவலைத் திரும்ப உருவாக்க ஆகும் செலவுக்கு. ஆலைக் கணக்குக்கும் வரைபடத்துக்கும் அது சரி. கார்டு கரப்ட் ஆன முகூர்த்தத்தைத் திரும்ப உருவாக்க வேண்டுமானால் அய்யர், நாதஸ்வரம், கோபித்துக்கொண்டு போன தாய்மாமன் எல்லோரையும் வரவழைக்க வேண்டும். இதற்கு மருந்து பாலிசியில் இல்லை. இரண்டு கார்டு ஸ்லாட் உள்ள கேமரா, அன்றிரவே இரண்டு ஹார்டு டிஸ்க், அதில் ஒன்று ஸ்டூடியோவில் இல்லாமல் வீட்டில். அதற்கு மேலும் போனால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், சேவைக் குறைபாடு, மன உளைச்சலுக்கு இழப்பீடு. ஆர்டர் ரசீதின் பின்பக்கம் "இயந்திரக் கோளாறுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று அச்சடித்திருக்கிறோமே, அது காப்பாற்றும் என்று நம்பியிருக்க வேண்டாம். நியாயமற்ற ஒப்பந்தம் என்பதை 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டம் தனியாகவே வரையறுத்திருக்கிறது.

நண்பர்கள் ஒரு எதிர்வாதம் வைப்பார்கள், அதில் பாதி உண்மை. நமக்கு எதற்கு மாப்ள இதெல்லாம், ஒருத்தனுக்கு ஒன்று என்றால் சங்கம் இல்லையா என்பார்கள். மொய் நோட்டு மாதிரிதான் இது. எங்கள் பக்கத்து மண்டபங்களில் வாசலுக்கு அருகே மேஜை போட்டு, மைக்கில் பெயரும் தொகையும் வாசித்து எழுதுவார்கள். இன்று வாங்கியதை நாளை எழுதியவர் வீட்டு விசேஷத்தில் ஒரு படி கூட்டித் திருப்புவார்கள். சங்க வசூலும் அப்படியே சுற்றுகிறது. கேமரா தொலைந்தவனுக்கும் கால் முறிந்தவனுக்கும் அது கைகொடுக்கும். ஆனால் முகூர்த்தம் முடித்து ஒட்டன்சத்திரத்திலிருந்து பின்னிரவில் பைக்கில் திரும்பும்போது லாரியின் பின்னால் மோதியவனுக்கு? முதுகெலும்பு போனால் செலவு ஒரு மாதத்தோடு முடிவதில்லை. வசூல் ஒருமுறைதான் நடக்கும். மொய் வாங்கிய ஆள் திரும்பி எழுத வேண்டும் என்பதுதான் கணக்கே. திரும்பி எழுத முடியாதவனுக்கு எத்தனை முறை எழுதுவார்கள்? அதனால் என் உடம்புக்கு விபத்துக் காப்பீடும் மருத்துவக் காப்பீடும் கேமராவுக்கு முன்னால் வந்துவிட்டன. 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. கேமரா பாலிசிக்குப் பதினெட்டு சதவீதம் அப்படியே இருக்கிறது. அரசாங்கத்தின் வரிசையும் என் வரிசையும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது எனக்கே வியப்பு.

ஸ்டூடியோவுக்கு அதிகம் யோசிக்கத் தேவைப்படவில்லை. 2021 ஏப்ரலிலிருந்து சின்னத் தொழில்களுக்கென்று பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்று ஒரே மாதிரி பாலிசி எல்லாக் கம்பெனியிலும் உண்டு. தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம் அதில் அடங்கும். மதிப்பைப் பதினைந்து சதவீதம் வரை குறைத்துப் போட்டிருந்தாலும் பாதகமில்லை என்பது அதில் உள்ள நல்ல விஷயம். கம்பெனி இழுத்தடித்தால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் தனி உரிமையாளரும் குறுந்தொழிலரும் வக்கீல் இல்லாமலே போகலாம். அதற்கு முன்னால் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும்.

இப்படி எல்லாவற்றையும் அடுக்கிக் கடைசியில் கேமராவுக்கு வந்தேன். இரண்டு பாடி, மூன்று லென்ஸ், முழு மதிப்புக்கு. பில் இல்லாத பழைய ஐம்பது எம்.எம். லென்ஸைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன், போனால் போகட்டும். புதுப்பிக்கும் தேதி மட்டும் ஆடியிலோ மார்கழியிலோ விழக் கூடாது என்றேன். அந்த இரண்டு மாதமும் கல்யாணம் கிடையாது, கையில் காசும் கிடையாது. ஏஜென்ட் அண்ணன் சிரித்துவிட்டு, "அப்ப தை பத்துக்கு மேல போட்டுக்கிடுவோம் தம்பி, முத மூணு முகூர்த்தம் அட்வான்ஸ் வந்திருக்கும்ல?" என்று கேட்டபடி சீரியல் நம்பர்களைக் குறித்துக்கொள்ள பேனாவை எடுத்தார்.