தோட்டா அடைப்பவனின் தர்மம்

மானையோ காட்டுப்பன்றியையோ வேட்டையாட விரும்பும் ஒருவன், எந்தத் துப்பாக்கியை வாங்குவது, எந்தத் தோட்டாவை நம்புவது என்று விசாரிக்கத் தொடங்கினால், விலையையும் எடையையும் குறியின் நேர்மையையும் பற்றி அவனுக்கு உபதேசிக்க ஆயிரம் பேர் முன்வருவார்கள். அந்த விசாரணைக்குள்ளே ஒரு தர்மவிசாரமும் அடங்கியிருக்கிறது என்று சொல்லக்கூடியவர் அபூர்வம். கொல்லாமையை அறங்களின் தலையில் வைத்துப் போற்றும் மரபில் வளர்ந்த நமக்கோ அந்த விசாரணையே வீண் வேலையாகத் தோன்றும். கொல்லலாகாது என்று ஆன பிறகு, எதைக்கொண்டு கொல்வது என்பதில் என்ன விசேஷம் இருக்கிறது என்று கேட்டுவிட்டு நாம் எழுந்து போய்விடுவோம். ஆனால் ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் அமெரிக்காவின் மேற்கு மலைகளிலும் சட்டத்துக்கு உட்பட்டே பெருந்தொகையான மக்கள் ஆண்டுதோறும் வேட்டைக்குப் போய்க்கொண்டிருக்கையில், அவர்கள் செய்வது பாபமே என்று தீர்ப்புக் கூறிவிட்டாலும், ஒரே பாபத்துக்குள் தாரதம்யம் உண்டா என்ற கேள்வி தீராமல் நிற்கிறது.

கேள்வியை ஆகாயத்தில் விடாமல், தோட்டா ஒன்றையே கையில் எடுத்துக்கொண்டு பார்ப்போம். ஜெர்மனியின் ஓபர்ன்டோர்ஃப் நகரத்துப் பால் மௌசர் 1892-இல் அமைத்த 7 மில்லிமீட்டர் தோட்டா, 57 மில்லிமீட்டர் நீளமுள்ள பித்தளைக் கூட்டில் 173 கிரெயின், அதாவது சுமார் 11 கிராம், எடையுள்ள நீண்ட குண்டைத் தாங்கியிருந்தது. ஸ்பெயின் ராணுவம் 1893-இல் அதை ஏற்றது. 1898-இல் கியூபாவின் சான் ஹுவான் குன்றிலும், அதன்பின் தென்னாப்பிரிக்கப் போயர் விவசாயிகளின் கையிலும் அது மனிதரைக் கொன்று புகழ் பெற்றது. பிறகு லண்டன் ரிக்பி கம்பெனி அதற்கே .275 என்று பெயர் சூட்டி வேட்டைக்காரர்களுக்கு விற்றது. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907-இல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்ததும், 1926-இல் அவர் ருத்ரபிரயாகைச் சிறுத்தையை வீழ்த்தப் பயன்படுத்தியதும் இந்த ரகத் துப்பாக்கிதான். பெரிது என்றும் சிறிது என்றும் சொல்ல முடியாத மத்திமமான தோட்டா. தோளில் உதைக்கும் உதையும் மத்திமம்.

இந்த மத்திமமான தோட்டாவைக் கொண்டு யானையைக் கொல்ல முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதற்கு டபிள்யூ. டி. எம். பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சாட்சி. கிழக்காப்பிரிக்காவின் கரமோஜாப் பிரதேசத்தில் தந்தத்துக்காக அலைந்த அவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார். அவற்றில் பெரும்பகுதி இந்தச் சிறிய குண்டுக்கே இரையாயிற்று. ஆனால் அதைச் சாதித்தது குண்டன்று. யானையின் மண்டையோட்டை ரம்பத்தால் அறுத்து, அவ்வளவு பெரிய தலைக்குள் மூளை எங்கே இருக்கிறது, பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் அதை அடையும் பாதை எது என்று பெல் படித்துத் தெரிந்துகொண்டார், கிட்ட நெருங்கினார், அந்த இடம் தெரியும்வரை பொறுத்தார். அவருடைய தொழிலை என்னால் மெச்ச முடியவில்லை. அந்தத் தந்தங்கள் பில்லியர்ட்ஸ் பந்துகளாகவும் பியானோக் கட்டைகளாகவும் போன காலம் அது. ஆயினும் அவரைப் பின்பற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, அவருடைய தோட்டாவை எடுத்துக்கொண்டு அவருடைய படிப்பை விட்டுவிட்டவர்களைக் காட்டிலும், பெல்லிடம் குறைவான கொடுமை இருந்தது என்பதை மறுக்க முடியாது.

இதற்கு நேர் எதிரான மயக்கமும் ஒன்றுண்டு. சிறிய தோட்டா காயப்படுத்தி விட்டுவிடும், ஆகையால் கருணையை உத்தேசித்தாவது பெரிய தோட்டாவை வாங்கவேண்டும் என்று சிலர் வாதிக்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் பலத்த உதையுள்ள துப்பாக்கியைப் பழக்கமின்றி எடுப்பவன், விசையை அழுத்துவதற்கு ஒரு கணம் முன்பே கண்ணை மூடித் தோளைச் சுருக்கிக்கொள்கிறான். குண்டு இருதயத்தை விட்டு விலகி வயிற்றில் பாய்கிறது. வயிற்றில் பட்ட மான் உடனே சாவதில்லை. பலத்தை விலைக்கு வாங்கிவிட்டால் பயிற்சியை வாங்க வேண்டியதில்லை என்ற எண்ணம், பரிகாரத்தை முன்பணமாகக் கட்டிவிட்டுப் பாபம் செய்யப் போகிறவனுடைய எண்ணத்துக்கு ஒப்பானது.

இனி, கடைத் தோட்டா போதாதென்று தானே வெடிமருந்து அடைத்துக்கொள்பவனுடைய மேஜைக்கு வருவோம். அதற்கு அவனிடம் நியாயமான காரணம் உண்டு. 1893, 1895 ஆம் ஆண்டு மாதிரிப் பழைய மௌசர்கள் இன்னும் பலர் வீட்டில் இருப்பதால், அவை தாங்காமல் வெடித்துவிடக்கூடாதே என்று அமெரிக்கக் கம்பெனிகள் இந்தத் தோட்டாவில் மருந்தைத் தணித்தே அடைக்கின்றன. 1898 மாதிரியின் உறுதியுள்ள துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு அந்தத் தணிவு தேவையில்லை. அன்றியும், நீண்ட கனமான குண்டுக்கென்று குடையப்பட்ட அறையில் இலேசான சிறு குண்டு, குழலின் வரிகளைத் தொடுவதற்குள் சிறிது தூரம் பிடிப்பின்றித் தாவ வேண்டியிருப்பதால், எந்தக் குண்டு தன் துப்பாக்கிக்கு ஒத்துப்போகும் என்பதை ஒவ்வொருவனும் சுட்டுப் பார்த்தே அறியவேண்டும். அவன் என்ன செய்கிறான்? சுட்ட கூடுகளை ஒவ்வொன்றாக விளக்கடியில் திருப்பிப் பார்க்கிறான். அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால் அங்கே பித்தளை மெலிந்துவிட்டது என்று பொருள். நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு வருடினால் பள்ளம் தட்டுப்படும். அந்தக் கூடு குப்பைக்குப் போகவேண்டும். நல்ல கூட்டை அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்து, மருந்தைப் பற்றவைக்கும் புதிய பிரைமரைப் பதித்து, அது மேடு தட்டவில்லையே என்று விரலால் தடவிப் பார்த்து, மருந்தைக் கிரெயினில் பத்தில் ஒரு பங்கு வரை, அதாவது ஆறரை மில்லிகிராம் வரை, தராசில் சரிபார்த்துப் பிறகே குண்டை அமர்த்துகிறான். பூஜைக்கு உட்கார்ந்தவனிடமும் எப்போதும் காணமுடியாத ஏகாக்கிரசித்தம் அவனிடம் இருக்கிறது. எதற்காக? ஓர் உயிரைப் போக்குவதற்காக!

இந்த முரணைத்தான் சிந்திக்கவேண்டும். உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு இலக்கணம் கூறும்போது, உயிரைப் பிரிப்பது என்ற அளவோடு நிற்காமல், விழிப்பற்ற சித்தத்தோடு உயிரைப் பிரிப்பது என்று வரையறுக்கிறது. தரையை நோக்கி அடிமேல் அடி வைத்து நடக்கும் துறவியின் காலடியில் ஒரு பூச்சி இறந்தாலும் அவருக்குத் தோஷமில்லை. கண்மூடித்தனமாக நடப்பவனுக்கு, ஒன்றும் இறவாவிட்டாலும் தோஷம் உண்டு என்பது ஜைனர் கொள்கை. அப்படியானால் மில்லிகிராமுக்கும் கணக்குப் பார்க்கும் நம் வேட்டைக்காரன் தன்னை அஹிம்சாவாதி என்று சொல்லிக்கொள்ளலாமா? சமத்காரமான வாதந்தான், செல்லாது. ராகத்தையும் துவேஷத்தையும் உரைகாரர்கள் அந்த விழிப்பின்மையிலேயே சேர்த்துவிட்டார்கள். மானின் கொம்பை விரும்புகிற மனம், எத்தனை சூட்சுமமாக மருந்தை அளந்தாலும், அந்த விருப்பத்தால் மயங்கிய மனமே. ஆகவே ஜாக்கிரதையால் அவனுடைய முதல் பாபம் தீரவில்லை. ஆனால் அஜாக்கிரதையாக இருப்பவன் அதன்மேல் இரண்டாவது பாபம் ஒன்றையும் ஏற்றிக்கொள்கிறான் என்பதும் அதே இலக்கணத்திலிருந்து கிடைக்கிறது. சாவு ஒன்று, சித்திரவதை மற்றொன்று.

திறமையே அந்த இரண்டாவது பாபத்துக்கு வழி வகுப்பதும் உண்டு. தசரதனிடம் இல்லாத வில்வித்தையா? சரயுக் கரையில் இரவில் குடத்தில் நீர் மொள்ளும் ஓசையை யானை நீர் குடிக்கும் ஓசை என்று எண்ணி, ஓசையையே இலக்காகக் கொண்டு அம்பு விட்டான், முனிகுமாரன் விழுந்தான். கண்டு எய்பவனாக மட்டும் அவன் இருந்திருந்தால் அந்தச் சாபம் அவன் வீட்டுக்கு வந்திராது. இன்று தூரமானியையும் சக்திவாய்ந்த தொலைநோக்கியையும் துப்பாக்கியோடு பூட்டிக்கொண்டு, மிருகத்தின் புலன்களுக்கு எட்டாத தொலைவிலிருந்து சுடுவதை ஒரு வித்தையாகப் பாராட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குத் தசரதன் நினைவுதான் வருகிறது. நானூறு கஜத்தைக் கடக்க இந்தத் தோட்டாவின் குண்டுக்கு ஏறக்குறைய அரை விநாடி ஆகிறது. மேய்கிற மான் ஓர் அடி எடுத்து வைக்க அது போதும். எந்தத் தராசிலும் அந்த அடியை முன்கூட்டி அளக்க முடியாது.

ஜெர்மானியர் தங்கள் சட்டத்திலேயே குண்டின் சக்திக்கு ஓர் எல்லை வகுத்திருக்கிறார்கள். ரோ என்னும் சிறு மானைச் சுடும் குண்டு நூறு மீட்டரில் 1,000 ஜூலுக்குக் குறையாத சக்தியும், அதனினும் பெரிய குளம்பு விலங்குகளைச் சுடுவது 6.5 மில்லிமீட்டர் விட்டமும் 2,000 ஜூல் சக்தியும் பெற்றிருக்க வேண்டும். கருணையை ஜூலில் அளப்பது விநோதந்தான். ஆனாலும் அது வெறும் எண்ணிக்கையாக நின்றுவிடவில்லை. வீழ்ந்த ஆண்மானின் வாயில், கடைசிக் கவளம் என்று சொல்லி, ஒரு பசுந்தழையை வைத்துவிட்டே அங்கு வேட்டைக்காரன் அதைத் தொடுகிறான். ஸ்பெயின் தேசத்து ஞானி ஓர்தேகா இ காஸெத், 1942-இல் வேட்டையைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில், மிருகம் தப்பிப்பதற்கு இடம் இல்லாவிட்டால் அது வேட்டையே ஆகாது என்ற கருத்தை வற்புறுத்துகிறார். வேட்டையை நியாயப்படுத்த அவர் சொல்லும் மற்றக் காரணங்களை நான் ஏற்கவில்லை. இந்த ஒன்றை ஏற்கிறேன்.

ஆகையால் துப்பாக்கி வாங்க நினைக்கும் அன்பர் எவரேனும் இதை வாசிக்க நேர்ந்தால், தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னே தூரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன். தம் கையும் கண்ணும் தவறாமல் எட்டும் தூரம் எவ்வளவு என்று குறிபலகையில் மனசாட்சிக்கு விரோதமின்றி அளந்து, அதற்கு அப்பால் நிற்கும் மிருகத்தின் கொம்பு எத்தனை பெரியதானாலும் விசையில் விரல் வைப்பதில்லை என்று வீட்டிலேயே சங்கல்பம் செய்துகொண்டு புறப்படட்டும். அந்தச் சங்கல்பம் கைகூடாது என்று தோன்றுபவர் காமிராவை எடுத்துக்கொண்டு போகலாம். கார்பெட்டே பிற்காலத்தில் புலியைச் சுடுவதைவிடப் படம் எடுப்பதையே பெரிதும் விரும்பினார்.