மன்னிப்பை எங்கே கேட்பது?

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வட்டாரத் திடலில் நண்பர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தோம். கடைசி ஓவர், ஜெயிக்க வேண்டிய ஆட்டம். எல்லைக்கோட்டருகே நின்ற தம்பி ஒருவன் கைக்கு வந்த கேட்ச்சை விட்டுவிட்டான். பந்து பவுண்டரிக்குப் போனது, நாங்கள் தோற்றோம். அவனுக்குப் பதினேழு வயது. குழுவிலேயே சின்னவன்.

அன்று சாயங்காலம் தேக்கா நிலையத்தில் உட்கார்ந்து தே தாரே குடிக்கும்போது எனக்கு ஒரு 'யோசனை' வந்தது. டிவி வர்ணனையாளர் மாதிரி குரலை மாற்றி, அவன் ஓடிய விதத்தையும் அவன் உடம்பையும் கிண்டல் செய்து முப்பது விநாடி பேசினேன். அதைக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பினான். அடுத்த வாரம் அவன் ஆட வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

"சும்மா விளையாட்டுக்குத்தானே சொன்னேன்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் உண்மையான மைக்கைப் பிடித்த ஒருவர், இதைவிடப் பெரிய மேடையில், இதே மாதிரி ஒரு தவறு செய்தது ஞாபகத்துக்கு வந்தது. அவர் நம்ம சென்னைக்காரர் தினேஷ் கார்த்திக்.

அவர் கதை பலருக்குத் தெரியும். 2004இல், பத்தொன்பது வயதில் இந்திய அணிக்குள் வந்தார். அதே வருஷக் கடைசியில் தோனியும் வந்தார். அப்புறம் விக்கெட் கீப்பர் இடம் கார்த்திக்குக்கு நிரந்தரமாகக் கிடைக்கவே இல்லை. உள்ளே வருவார், வெளியே போவார். 2018 மார்ச்சில் கொழும்பில், வங்காளதேசத்துக்கு எதிரான இறுதி ஆட்டம். 12 பந்தில் 34 ஓட்டம் வேண்டும் என்ற நேரத்தில் இறங்கி, 8 பந்தில் 29 அடித்தார். கடைசிப் பந்தில் 5 ஓட்டம் தேவை, சிக்ஸர் அடித்தார். ஊரே கொண்டாடியது. மறு வருஷம் உலகக் கிண்ண அரையிறுதியில் 25 பந்தில் 6 ஓட்டம் எடுத்து ஆட்டமிழந்தார். அதே ஊர் திட்டியது.

2021 ஜூனில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் உலக டெஸ்ட் இறுதிப் போட்டி நடந்தபோது, அவர் ஸ்கை ஸ்போர்ட்ஸில் வர்ணனையாளராக உட்கார்ந்தார். நன்றாகப் பேசுகிறார் என்று பாராட்டும் கிடைத்தது. சில நாள் கழித்து இங்கிலாந்து - இலங்கை ஒருநாள் ஆட்டம். ஆட்டக்காரர்களுக்கு அடுத்தவர் மட்டைமீதுதான் ஆசை என்று வேடிக்கையாகச் சொல்ல வந்தவர், அடுத்த வீட்டுக்காரர் மனைவியை அதற்கு உவமையாக இழுத்துவிட்டார். பெண்களை மட்டமாகப் பேசியதாகக் கண்டனம் எழுந்தது.

அடுத்த ஆட்டத்தில் அதே மைக்கில், நேரலையில், அவர் மன்னிப்புக் கேட்டார். அப்படிச் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொண்டார். அம்மாவிடமும் மனைவியிடமும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதையும் மறைக்கவில்லை.

இதில் நான் கவனித்தது அவர் தேர்ந்தெடுத்த இடத்தை. எத்தனை பேர் காதில் அந்தப் பேச்சு விழுந்ததோ, அத்தனை பேர் காதில் மன்னிப்பும் விழ வேண்டும் என்றால் அதற்கு அந்த மைக்தான் சரி.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மட்டை பிடிப்பவன் ஒரு தப்புச் செய்தால் போதும், நடுவர் விரலைத் தூக்கிவிடுவார். மைக் பிடிப்பவனுக்கு அப்படி யாரும் விரல் தூக்குவதில்லை. தப்பாகப் பேசிவிட்டு அடுத்த பந்துக்குப் போய்விடலாம். இன்று நம் எல்லார் கையிலும் அந்த மைக் இருக்கிறது. மனம், வாக்கு, காயம் என்று நம் பெரியவர்கள் மூன்றையும் சேர்த்தே சொன்னார்கள். நாம் கையால் அடிப்பதைக் குற்றம் என்போம், வாயால் அடிப்பதை ஜோக் என்போம்.

"நாலு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்பது நாடகம் இல்லையா? தனியாகக் கேட்டால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். யாருக்கும் தெரியாமல் செய்த தவறை ஊரறியச் சொன்னால், பாதிக்கப்பட்டவருக்கு அது இன்னொரு அடி. அங்கே தனியாகப் பேசுவதுதான் தர்மம். ஆனால் நாலு பேர் முன்னால் ஒருவர் மானத்தைப் பறித்துவிட்டு, தனியாகக் கூப்பிட்டு "சாரிடா" என்றால், நம் மனபாரம் குறையும். அவர் மானம் திரும்புமா?

எனக்கு இது சொல்லித் தெரியவில்லை. அந்தத் தம்பிதான் கற்றுக்கொடுத்தான். ஒரு நாள் ஃபேரர் பார்க் எம்ஆர்டி வாசலில் அவனைப் பிடித்து, "மன்னிச்சிருடா, தப்புப் பண்ணிட்டேன்" என்றேன்.

"பரவால்லண்ணே, நான் மறந்துட்டேன். ஆனா அவங்க மறக்கல. இன்னும் என்னைப் பார்த்தா அதே மாதிரி பேசிக் காட்டுறாங்க" என்றான்.

அவனிடம் கேட்டுக்கொண்டு, அன்று ராத்திரியே குழுவில் குரல் பதிவு போட்டேன். இந்த முறை என் சொந்தக் குரலில். நான் செய்தது தப்பு, இனி யாரும் அப்படிப் பேசிக் காட்ட வேண்டாம் என்று சொன்னேன். இருபது விநாடிப் பதிவுக்கு ஒரு மணி நேரம் ஆனது. அதற்கு யாரும் சிரிக்கவில்லை, பெரிதாகப் பாராட்டவும் இல்லை. "என்ன புதுசா சாமியார் ஆயிட்டியா?" என்று ஒருவன் மட்டும் கேட்டான். வலித்தது. அந்தத் தம்பிக்கு இதைவிட எவ்வளவு வலித்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்ற பயம் நமக்கு. கார்த்திக்குக்கு அப்படி எதுவும் போய்விடவில்லை. மறு வருஷமே, 37 வயதில், மறுபடி இந்திய அணிக்கு வந்து, சர்வதேச டி20இல் தன் முதல் அரைசதத்தை அடித்தார். மைக்கையும் விடவில்லை.

எங்கள் தம்பி இன்னும் திடலுக்கு வரவில்லை. அவனைக் கட்டாயப்படுத்த எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் இந்தத் தைப்பூசத்துக்கு, சிராங்கூன் ரோட்டில் காவடிகள் கிளம்பும் பெருமாள் கோயில் பக்கம் நாங்கள் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவன் வந்தான். எதுவும் பேசவில்லை. என் பக்கத்தில் நின்று கோப்பைகளை அடுக்க ஆரம்பித்தான்.