புத்தகம் திருப்பிக் கேட்காது

எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதிய ஆண்டு எனக்குத் தூக்கமே வரவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை. அம்மாவிடம் சொன்னால் பயந்துவிடுவார். கூட்டாளிகளிடம் சொன்னால், "உனக்கு என்னடா குறைச்சல்?" என்பார்கள். அதனால் நேரே புத்தகக் கடைக்குப் போனேன். தன்முன்னேற்ற நூல்கள் நான்கு வாங்கிக் கோடு போட்டுப் படித்தேன். விடியற்காலையில் எழு, நல்லதையே நினை, நன்றியை எழுதி வை. ஒரு வாரம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் படுக்கையை விட்டு எழவே முடியாத நாள் வந்தது. அன்று மனம் சொன்னது: "புத்தகம் சரியாத்தான் சொல்லுது. நான்தான் உருப்படாதவன்."

தப்பு புத்தகத்தின் மீதா? இல்லை. மனநல மருத்துவர் டேவிட் பர்ன்ஸ் 1980இல் எழுதிய 'ஃபீலிங் குட்' என்ற நூல் மனச்சோர்வு கடுமையாக இல்லாதவர்களுக்கு உதவுகிறது என்று ஆய்வுகளிலேயே தெரிந்திருக்கிறது. ஆனால் அந்த ஆய்வுகள் சிலவற்றில், நூலைப் படித்தவர்களை வாரந்தோறும் ஒருவர் தொலைபேசியில் அழைத்து விசாரித்தார். அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

நம் கீதையும் அதையே காட்டுகிறது. போர்க்களத்தில் அர்ஜுனனுக்கு உடல் நடுங்கியது, வாய் உலர்ந்தது, காண்டீபம் கையிலிருந்து நழுவியது. அவ்வளவு பெரிய வீரன் அதை மறைக்கவில்லை, வாய்விட்டுச் சொன்னான். முதல் அத்தியாயத்தின் பெயரே 'அர்ஜுன விஷாத யோகம்'. விஷாதம் என்றால் துயரம். கண்ணன் ஒரு சுவடியைக் கையில் கொடுத்து, "படிச்சுக்கோ, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. பக்கத்திலேயே இருந்தார். 18ஆவது அத்தியாயத்தின் முடிவில், "மயக்கம் தீர்ந்ததா?" என்றும் கேட்டார். நாம் இன்று புத்தகமாகப் படிப்பது, அன்று இருவர் பேசிய பேச்சு.

அப்படியிருக்க, துன்பத்தை யாரிடமும் சொல்லாமல் தாங்குவதுதான் வீரம், உதவி கேட்பது பக்திக் குறைவு என்று நாம் எங்கே கற்றுக்கொண்டோம்? தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவையே நம் நாடு 2023இல் நீக்கிவிட்டது. நம் வாய்தான் இன்னும் திறக்கவில்லை.

நான் கடைசியில் சமய வகுப்பு நடத்தும் அண்ணன் ஒருவரிடம் சொன்னேன். அவர் அறிவுரை சொல்லவில்லை. "எத்தனை நாளா தம்பி?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் அவரே என்னை அரசாங்கக் கிளினிக்கிற்கு அழைத்துப் போனார். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். என்னைத் தடுத்தது பணமில்லை, வெட்கம்.

தம்பி தங்கைகளே, புத்தகம் படியுங்கள், தியானம் செய்யுங்கள், தேவாரம் பாடுங்கள். ஆனால் இரண்டு வாரம் கடந்தும் தூக்கமில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் ஒரு மனிதரிடம் சொல்லுங்கள். செத்துப்போகலாம் என்று தோன்றினால் இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம், உடனே சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் 15555 எண்ணும் இருக்கிறது.

உங்கள் கூட்டாளி திடீரென்று அமைதியாகிவிட்டால், புத்தகம் வாங்கிக் கொடுப்பதோடு நிறுத்தாதீர்கள். அடுத்த வாரமும் போய், "எப்படிடா இருக்கே?" என்று கேளுங்கள்.