பந்தலில் மிஞ்சிய சுரைக்காய் யாருடையது?



ஆடிப் பட்டத்தில் கொல்லைப்புறத்திலே இரண்டு சுரை விதையும் நாலு பீர்க்கு விதையும் ஊன்றிய வீட்டில், புரட்டாசி பிறந்ததும் என்ன நடக்கும் என்பதை விழுப்புரத்துக்காரருக்கும் திண்டிவனத்துக்காரருக்கும் நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதற் காயைக் கண்டதும் வீடே கூடி நின்று பார்க்கிறது. முதல் வாரம் கூட்டு. இரண்டாம் வாரம் சாம்பாரும் அடையும். மூன்றாம் வாரம் பீர்க்கந்தோல் துவையல். நாலாம் வாரம் பிள்ளைகள் தட்டைப் பார்த்ததுமே முகத்தைச் சுளிக்கிறார்கள். கொடியோ ஓய்கிற பாடாயில்லை. பறிக்கப் பறிக்கக் காய்ப்பதே அதன் சுபாவம். முற்றிய காயை அப்படியே விட்டுவைத்தால்தான் அது விதையை முற்றவைப்பதில் தன் சத்தைச் செலவிட்டுப் புதுப் பிஞ்சு விடுவதைக் குறைத்துக் கொள்ளும். கொடிக்குக் காய் பாரமா என்று பழமொழி கேட்கிறது. கொடிக்குப் பாரமில்லை, உண்மைதான், பாரமெல்லாம் வீட்டாருக்கு.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த சங்கடமன்று. நம் சுரைக்கும் பூசணிக்கும் உறவான சுக்கினி என்றொரு காய் அமெரிக்க நாட்டில் கோடைகாலத்தில் இப்படித்தான் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. ஆகஸ்டு மாதம் 8-ம் தேதியை, இரவோடிரவாக அயலார் வீட்டுத் திண்ணையில் சுக்கினியை வைத்துவிட்டு ஓடிவரும் நாள் என்று அங்கே வேடிக்கையாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்று நம் ஆண்டவர் போதித்தது தர்மத்தைப் பற்றி. இந்த இரகசியத்துக்கோ காரணம் வேறு: கொடுக்கிறவன் முகம் தெரிந்தால் வாங்குகிறவன் வேண்டாம் என்று சொல்லிவிடுவானே!

சிரித்துவிட்டு இதைச் சற்று யோசிப்போம். ஒரு தாயார் நம்மிடம் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. “சாமி, எப்படியும் அழுகப் போகிற காய்தானே. அதை ஏழை வீட்டுக்குக் கொடுத்தால் அதிலே புண்ணியம் உண்டா, இல்லையா?” கேள்வி சிறியது. ஆனால் வேதசாஸ்திரிகள் பல நூற்றாண்டுகளாய் ஆராய்ந்த விஷயம் இதற்குள்ளே இருக்கிறது.

அர்ச். தோமாஸ் அக்வீனாஸ் 13-ம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்தார். ஒருவனுக்குத் தன் தேவைக்கு மேல் எது மிஞ்சுகிறதோ அது சுபாவப் பிரமாணத்தின்படி ஏழைகளின் பிழைப்புக்குக் கடன்பட்டது என்பது அவர் முடிவு. ஏழைகளோ அநேகர், ஒரே பொருளைக்கொண்டு எல்லாருக்கும் உதவ இயலாது. ஆகையால் எதை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பு மட்டும் உடையவன் கையில் விடப்பட்டிருக்கிறது. பாப்பரசர் 13-ம் சிங்கராயர் 1891-ல் தொழிலாளர் நிலைமையைப் பற்றி எழுதிய நிருபத்திலே இன்னும் ஒரு வரம்பு கட்டினார். மிஞ்சியதிலிருந்து கொடுப்பது கடமைதான். ஆனால் உயிர்போகிற தேவையைத் தவிர மற்றச் சமயங்களில் அது நீதியின் கடமையன்று, பிறர்சிநேகத்தின் கடமை. அதாவது, கொடாதவனைக் கச்சேரிக்கு இழுக்க முடியாது. இழுக்க முடியாது என்பதால் அவன் கடனாளி அல்ல என்று ஆகிவிடாது.

உயிர்போகிற தேவை எப்படியிருக்கும் என்பதை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, நம் மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பெண்ணையாறு கரை புரண்டு வயலும் தோட்டமும் வீடும் நீரில் முழுகின. அப்படிப்பட்ட வேளையில் மிஞ்சியது எது, மிஞ்சாதது எது என்று கணக்குப் பார்ப்பவன் மனிதனல்ல. அங்கே அடுத்த வேளைக்கு வைத்திருந்த அரிசியும் பொதுச்சொத்து. நாம் இப்போது பேசுவது அந்த வேளையைப் பற்றியல்ல. வெயிலடிக்கிற சாதாரண புரட்டாசியைப் பற்றி. சாதாரண நாளில்தான் இந்தக் கேள்வி கடினம்.

அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம். வாங்குகிறவர் வயிற்றைப் பொறுத்தமட்டில், காய் எந்த எண்ணத்தோடு வந்தது என்பதில் வித்தியாசம் ஒன்றுமில்லை. தள்ளிவிடுவதற்காகக் கொடுத்த சுரைக்காயும் வேகும், பசியை ஆற்றும். ஆகையால் எண்ணம் சுத்தமாகட்டும் என்று காத்திருந்து காயை அழுக விடுகிறவனைக் காட்டிலும், சலித்துக்கொண்டே கொடுக்கிறவன் மேல். ஆனால் அவன் செய்தது தர்மம் என்று மட்டும் அவன் எண்ணிக்கொள்ள வேண்டாம். அவன் செய்தது தன் வீட்டைச் சுத்தம் பண்ணினது.

இதிலே நம் தமிழ் மரபும் நல்ல தெளிவோடு பேசுகிறது. திருவள்ளுவர் ஒப்புரவை 22-ம் அதிகாரத்திலும் ஈகையை 23-ம் அதிகாரத்திலுமாகத் தனித்தனியே வைத்தார். ஊருணி நீரையும், ஊர் நடுவிலே பழுத்த மரத்தையும் ஒப்புரவுக்கு உவமை சொன்னவர், ஈகை என்று வரும்போது இல்லாதவனுக்குக் கொடுப்பதே ஈகை, மற்றதெல்லாம் திரும்ப வருமென்று பார்த்துக் கொடுப்பது என்று கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார். நம் வழக்கத்தையே பாருங்களேன். எதிர்வீட்டு அக்காவுக்குச் சுரைக்காய் போனால் நாலு நாளில் அங்கிருந்து முருங்கைக்கீரை வரும். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்பது நம் பெண்மக்களின் எழுதாத சட்டம். நல்ல சட்டம். பண்ருட்டிப் பலாவை ஒரு வீடு தனியே தின்றுவிட முடியுமா? அறுத்தால் தெருவே கூட வேண்டியதுதான். இப்படியெல்லாம் தெருவுக்குள் அன்பு வளர்கிறது. ஆனால் விருந்து வைத்தால் திரும்ப அழைக்க வகையற்றவனை அழை என்று அர்ச். லூக்காஸ் சுவிசேஷத்திலே சேசுநாதர் சொன்னது இந்தச் சுற்றுக்கு வெளியே நிற்கிறவனைப் பற்றி. பாத்திரத்தில் போட்டுத் திருப்ப ஒன்றுமில்லாத வீட்டுக்காரி, அந்த வெட்கத்தாலேயே காயை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறாள். “எங்க வீட்டிலே யாரும் சுரைக்காய் சாப்பிட மாட்டாங்கம்மா” என்கிறாள். நாமும் நம்பிவிடுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. சுரைக்காய் தனியே கறியாகிவிடாது. பருப்பு வேண்டும், எண்ணெய் வேண்டும், அடுப்பெரிய எரிவாயு வேண்டும். சுரைக்காய்க்கு உப்பில்லை என்று கேலியாகச் சொல்கிறோம். சில வீடுகளில் அது கேலியல்ல. காயோடு ஒரு கைப்பிடி கடலைப்பருப்பையும் முடிந்து கொடுக்கிறவள் சமையல் தெரிந்தவள் மட்டுமல்ல, பிறர்சிநேகமும் தெரிந்தவள். பருப்பு மிஞ்சியதல்ல, விலைகொடுத்து வாங்கியது. கொடை தொடங்குவது அந்தப் பருப்பிலேதான்.

பறம்புமலைப் பாரி முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்த கதையைச் சிறுபிள்ளைகளும் அறிவார்கள். பாரி இறந்தபின் அவன் நண்பர் கபிலர் வந்து உயிர்நீத்ததாகச் சொல்லப்படும் குன்று, நமக்கு அதிக தூரமில்லாத திருக்கோவலூரில், அதே பெண்ணையாற்றிலே இருக்கிறது. பாரிக்குத் தேர் மிஞ்சியிருக்கவில்லை, ஏறிவந்த தேர். கொடிக்குத் தேரைக் கொடுப்பது புத்திசாலித்தனமா என்று சிலர் கேட்பார்கள். நமக்கும் அந்தச் சந்தேகம் உண்டு; இரண்டு கொம்பு நட்டாலே போதுமாயிருந்திருக்கும். ஆயினும் இவ்வளவு காலமாக ஜனங்கள் அவனை மறக்கவில்லை.

இனி, நியாயத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். எல்லாக் கொல்லையும் ஒன்றாய்க் காய்க்கிற மாதத்தில் நாம் வாரி வாரி இலவசமாய்க் கொடுத்தால், தலைச்சுமையாய்க் காய் கொண்டுவந்து தெருத்தெருவாய்க் கூவி விற்கிற கிழவியின் கூடை என்ன ஆகும்? பந்தல் போட்டு, கம்பி கட்டி, மருந்தடித்து, விடியுமுன் சந்தைக்குக் காய் கொண்டுபோகிற விவசாயிக்கு நம் இலவசக் காய் போட்டியல்லவா? வசதியுள்ள வீட்டுக்கு இலவசமாய்க் கொடுக்கிற ஒவ்வொரு காயும், அந்த வீட்டார் கிழவியிடம் வாங்கியிருக்கக்கூடிய காய். இதைச் சொன்னால் சிலருக்கு வேடிக்கையாய் இருக்கும். ஆனால் அந்தக் கிழவி சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப் போவது அந்தக் கூடையிலிருந்துதான். ஆகையால் காசு கொடுத்து வாங்கக்கூடியவர்களுக்குக் கொடுப்பதிலே கொஞ்சம் கை அடக்கமாயிருப்பதில் தவறில்லை என்பது நம் அபிப்பிராயம்.

அப்படியானால் எப்படிக் கொடுப்பது? மோயீசன் இஸ்ராயேலருக்குக் கொடுத்த சட்டத்தைக் கவனியுங்கள். வயலை அறுக்கும்போது ஓரத்தை அறுக்காமல் விடவேண்டும். சிந்திய கதிரைப் பொறுக்கக்கூடாது. அது ஏழைக்கும் பரதேசிக்கும் உரியது. இதில் இரண்டு விஷயங்கள் நம் மனதைத் தொடுகின்றன. முதலாவது, உடையவன் வயிறு நிரம்பியபின் மிஞ்சியதைக் கொடு என்று சட்டம் சொல்லவில்லை. அறுவடையின்போதே, களஞ்சியம் நிரம்புமா நிரம்பாதா என்று தெரியுமுன்பே, ஓரம் ஒதுங்கிவிடுகிறது. அடுத்தது, ஏழை வாசலில் வந்து நின்று கேட்க வேண்டியதில்லை. ரூத் போவாஸின் வயலில் பொறுக்கினாளே, அதைப்போலத் தானே வந்து, தன் கையால் எடுத்துக்கொண்டு போகிறான். யாருக்கும் நன்றி சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

இதை நம் கொல்லைக்குப் பொருத்திப் பாருங்கள். ஆடியில் நாலு விதை ஊன்றும்போதே இந்தக் கொடி நமதல்ல என்று ஒன்றை ஒதுக்கிவிட்டால், புரட்டாசியில் யார் தலையில் கட்டலாம் என்ற கேள்வியே எழாது. அந்தக் கொடியின் பிஞ்சும் இளங்காயும் முதல் வாரத்திலேயே போய்விடும். நம் வீட்டுக்கு அலுத்துப்போன நாலாம் வாரத்துக் காயல்ல, பிள்ளைகள் ஆசையோடு காத்திருந்த முதல் வாரத்துக் காய்.

எல்லாக் காயும் ஒரு குணமல்ல என்பதையும் சொல்லவேண்டும். சாம்பல் பூசணியும் பரங்கியும் முற்றியபின் பறித்து நிழலில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். பூசணியை வடகமாகவும் போட்டுக்கொள்ளலாம். ஆகவே மழைக்காலத்துக்கென்று அவற்றைச் சேர்த்து வைப்பது பேராசையல்ல, குடும்ப விவேகம். இளஞ்சுரையும் புடலும் பீர்க்கும் அப்படியல்ல. சில நாளில் வாடிவிடும். வனாந்தரத்தில் இஸ்ராயேலர் மறுநாளைக்கென்று வைத்த மன்னா புழுத்து நாறியதே, அந்த ஜாதி. வைக்க முடியாத பொருளை நமக்குக் கொடுத்திருப்பதில் சர்வேசுரனுடைய யோசனை ஏதோ இருக்கிறது.

வேதாகமத்தில் இந்தக் கொடிக் குடும்பம் கொஞ்சம் தொல்லையோடுதான் வருகிறது. யோனாஸ் தீர்க்கதரிசிக்கு நிழல் தந்த செடி சுரையென்று லத்தீன் ஜனங்கள் கேட்டுப் பழகியிருந்தார்கள். அர்ச். எரோணிமுஸ் தம் புது மொழிபெயர்ப்பில் அதை வேறொரு படர்கொடியாக மாற்ற, ஆப்பிரிக்காவில் ஓர் ஊர்க் கோயிலில் பெரும் குழப்பமே உண்டாயிற்று என்று அர்ச். அகுஸ்தீன் 403-ல் அவருக்கு எழுதினார். தமிழில் அதுவே ஆமணக்காகிவிட்டது. நாம் யாரும் சண்டைக்குப் போகவில்லை. எலிசேயு தீர்க்கதரிசியின் காலத்துப் பஞ்சத்திலோ, ஒருவன் காட்டுக் கொம்மட்டிக் காயைத் தெரியாமல் அரிந்து பானையில் போட, உண்டவர்கள் பானையில் சாவு இருக்கிறதென்று அலறினார்கள். இது பழங்கதையல்ல. சுரைக்காய் சில சமயம் கசந்துவிடும். கசந்த சுரையின் சாறு கடும் வாந்தியையும், வயிற்றில் இரத்தக் கசிவையும் உண்டாக்கக் கூடும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழு எச்சரித்திருக்கிறது. வேகவைத்தாலும் அந்த நஞ்சு நீங்காது. ஆகையால் காம்புப் பக்கம் ஒரு சிறு துண்டு அரிந்து நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். மாட்டுக்கும் போட வேண்டாம்.

வரும் ஞாயிறு முதல் ஐப்பசி மழை பிடிக்கும் வரையில், காலைப் பூசைக்குப் பின் கோயில் வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சு போடப்படும். காய் உள்ளவர்கள் பூசைக்கு வரும்போதே வைத்துவிட்டு வரலாம். தேவையானவர்கள் எந்த மதத்தினரானாலும் எடுத்துப் போகலாம். அருகே யாரும் நின்று பார்க்க வேண்டாம், பேர் எழுத வேண்டாம். பருப்புப் பொட்டலத்துக்கென்று ஒரு கூடை தனியே இருக்கும். வாசலில் காய் விற்கிற பெண்களிடம் இதை முன்கூட்டியே சொல்லியாயிற்று; பூசை முடிந்து போகும்போது அவர்களிடம் கத்தரிக்காயோ வெண்டைக்காயோ வாங்கிப் போங்கள். முற்றின சுரையைப் பெஞ்சுக்குக் கொண்டுவர வேண்டாம். அதைக் கொடியிலேயே காயவிட்டு, அடுத்த ஆடிக்கு விதை எடுத்து வையுங்கள்.