எத்தனை முறை சொல்வது?

காவல் நிலையத்தில் அடித்து எழுதி வாங்குவதற்கும் தமிழில் வாக்குமூலம் என்றுதான் பெயர். அடிபட்டவர் பிறகு நீதி கேட்டுச் சொல்வதற்கும் அதே பெயர். பேசு, பேசு என்று வதைத்தார்கள் ஒரு பக்கம். பேசினால்தான் நியாயம் என்கிறோம் நாம். இதில் எவ்வளவு அறம் இருக்கிறது?

வாச்சாத்தியை நினைத்தால் இந்தக் கேள்வியை எளிதில் தாண்டிப் போக முடியவில்லை. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையடிவார ஊருக்குள் புகுந்தார்கள். ஊராரை ஆலமரத்தடியில் திரட்டி அடித்தார்கள். 18 பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோய் வன்புணர்வு செய்தார்கள். பிறகு அரூர் வனத்துறை அலுவலகத்தில், ஊர்க் கவுண்டரைத் துடைப்பத்தால் அடிக்கும்படி ஊர்ப் பெண்களையே கட்டாயப்படுத்தினார்கள். மேலே பட்ட அடி ஒரு நாள் ஆறிவிடலாம். தன் கையாலேயே ஊர்ப் பெரியவரை அடிக்க நேர்ந்தவள் அதை யாரிடம், எந்த வார்த்தையில் சொல்வாள்?

ஆனாலும் சொன்னார்கள். விசாரணைக்கு வந்தவர்களிடம், சிபிஐயிடம், அடையாள அணிவகுப்பில், குறுக்கு விசாரணையில் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 2011இல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேருக்கும் தண்டனை கிடைத்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். 31 வருஷம்.

மனம்விட்டுப் பேசினால் பாரம் குறையும் என்பார்கள். தானாகப் பேசும்போது குறையும். சம்மன் வந்து பேசும்போது அல்ல. அதற்காக, பேசாமலே இருந்துவிடட்டும் என்றும் சொல்ல முடியாது. அது வதைத்தவனுக்குத்தான் வசதி. சுமையை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும். 1999இன் இஸ்தான்புல் நெறிமுறை, வதைபட்டவரின் காயங்களையும் மனநிலையையும் மருத்துவர் எப்படிப் பதிய வேண்டும் என்று விரிவாகச் சொல்கிறது. முதலில் பார்க்கும் மருத்துவர் ஒழுங்காக எழுதிவைத்தால், பாதிக்கப்பட்டவர் வாயாலேயே எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டியிருக்காது. சிகிச்சை, வழக்கு முடியும்வரை காத்திருக்கவும் கூடாது. மின்சாரம் பாய்ச்சி வதைக்கப்பட்டவருக்கு இ.சி.ஜி. ஒயர் கூட மறுபடி அந்த வதை அறைதான். ஒட்டுவதற்கு முன்னால் அது என்ன, எதற்கு என்று சொல்லி, ஒட்டலாமா என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும்.

உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சில மாதங்களுக்கு முன், அதை வழங்கிய நீதிபதி வேல்முருகன் வாச்சாத்திக்கே போனார். சம்பவ இடங்களைப் பார்த்தார், ஊராரிடம் பேசினார். அன்றைக்கு அந்தப் பெண்கள் பஸ் ஏறிப்போய் எந்த வராந்தாவிலும் காத்திருக்கவில்லை.